கூண்டில் வைத்த உயிரும் நம் கடனும்

சில நூறு ரூபாய்க்குக் கடையில் கிடைக்கும் ஓர் உயிருக்கு நோய் வந்தால், அதன் விலையைப் போல் ஐந்து மடங்கு செலவிட்டு மருத்துவம் பார்ப்பது முறையாகுமா? பணத்தோடு நில்லாமல் ஒரு குடும்பமே பத்து நாள் உறக்கம் கெட்டு அதற்கு ஊழியம் செய்வது அறமா, அல்லது சற்றே வசதி வந்தபின் நம்மைப் பற்றிக்கொண்ட பித்தா? தலைநகரில் வாழும் நம் தமிழ்க் குடும்பங்கள் பலவும் இக்காலத்தில் இவ்வினாவை எதிர்கொள்கின்றன. ஊரில் இருந்தவரை பசுவும் நாயும் நம் முற்றத்தில் வாழ்ந்தன. அவற்றால் பயன் இருந்தது. ஆகவே வினா எழவில்லை. பால் தராத, காவல் காக்காத, எலியினும் சற்றே பெரிய ஓர் உயிர் அரசுக் குடியிருப்பின் கூடத்தில் கூண்டுக்குள் அமர்ந்து நம் பிள்ளைகளைப் பார்க்கும்போதுதான் அது எழுகின்றது.

நாம் இங்கே கருதுவது கினிப்பன்றி என்னும் பிராணியை. பெயரின் இரு பகுதியும் பொருந்தாதவை. அது ஆப்பிரிக்காவிலுள்ள கினி நாட்டில் பிறந்ததும் அன்று, பன்றியினத்தைச் சேர்ந்ததும் அன்று. தென் அமெரிக்காவின் ஆண்டிஸ் மலைப் பகுதிகளில், இன்றைய பெரு, பொலிவியா நாடுகள் உள்ள நிலத்தில், ஆயிரக்கணக்கான ஆண்டுகளுக்கு முன்பே மக்கள் உணவுக்காக வளர்த்த கொறிவிலங்கு அது. இன்றும் அங்கே அது விருந்துக்குரிய இறைச்சி. 16ஆம் நூற்றாண்டில் ஸ்பானியர் வழியாக ஐரோப்பாவை அடைந்து செல்வர் வீட்டுச் செல்லமாயிற்று. பின்னர் ஆய்வுக்கூடம் புகுந்தது. புகுந்தபின் அதன் பெயரே, பிறர் நலனுக்காகச் சோதனைக்கு உள்ளாக்கப்படும் எவரையும் குறிக்கும் சொல்லாகிவிட்டது. அலுவலகத்தில் புதிய நடைமுறை ஒன்றை நம் பிரிவில் முதலில் புகுத்திப் பார்க்கும்போது, “நாம்தானா கினிப்பன்றி?” என்று நாமே கேட்டுக்கொள்கிறோமன்றோ!

நம் இல்லத்துக்கு அது வந்தது மாற்றல் ஆணையின் வாயிலாக. எதிர்வீட்டில் இருந்த உத்தரப் பிரதேசத்து நண்பருக்குக் குவாஹாத்திக்கு மாற்றலாயிற்று. தட்டுமுட்டுப் பொருள்கள் லாரியில் ஏறின. லட்டு என்று பெயரிடப்பட்ட கினிப்பன்றி ஏறவில்லை. அதனை நம் மகளிடம் ஒப்படைத்து, உலர்ந்த கொண்டைக்கடலை ஒரு டப்பாவும் தந்து, “சப்பாத்தி போட்டாலும் தின்னும்” என்று சொல்லி விடைபெற்றனர். அன்பானவர்களே, அப்பிராணிக்கு என்ன வேண்டும் என்பதை அவர்களுக்கு எவரும் சொல்லியதில்லை.

வந்த நான்காம் நாள் அது மூலையில் மயிர் சிலிர்த்துக் குந்தியிருந்தது. பின்னங்கால்களை ஊன்ற மறுத்தது. தொட்டால் மெல்ல முனகியது. இவ்வினம் தன் நோயை இயன்றவரை மறைக்கும். காட்டிலும் மேட்டிலும் பகைக்கு இரையாகும் உயிர், தான் நலிந்திருப்பதை வெளிக்காட்டினால் முதலில் கவ்வப்படும். ஆகவே மறைப்பது அதன் இயல்பாயிற்று. நம் கண்ணுக்கு நோய் புலப்படும் வேளையில் அது பெரும்பாலும் முற்றியிருக்கும். முதலில் சென்ற மருத்துவமனையில் மாட்டுக்கும் நாய்க்கும் மருத்துவம் பார்த்துப் பழகிய ஊழியர் ஒருவர் கூடையை எட்டிப் பார்த்து, “சூஹா?” என்று கேட்டுச் சிரித்தார். அவரை நாம் குறை கூறவில்லை. வெளியே எருமைக் கன்று ஒன்று வயிறு உப்பிக் கிடந்தது. அவருக்கு அதுவன்றோ முதல் வேலை. பிறகு கிடைத்தவர் ஓர் இளம் பெண் மருத்துவர். அவர் லட்டுவைத் தராசில் இட்டார். 610 கிராம். வளர்ந்த கினிப்பன்றி ஏறக்குறைய 700 முதல் 1200 கிராம் வரை இருத்தல் வேண்டும். மூட்டுகளை அழுத்திப் பார்த்தார், பல்லைப் பார்த்தார், இதுவரை என்ன தின்றது என்று கேட்டார். கடலையும் சப்பாத்தியும் என்றதும் அவருக்கு ஐயம் தீர்ந்தது. வைட்டமின் சி குறைவால் வரும் ஸ்கர்வி நோய்.

இவ்விடத்தில் சற்று விலகிச் சில செய்திகளைச் சொல்ல வேண்டும். பின்னர் வரும் வாதத்துக்கு அவை வேண்டியவை. நாய், பூனை, பசு, எலி ஆகியவை தமக்கு வேண்டிய வைட்டமின் சி சத்தைத் தம் உடலிலேயே ஆக்கிக்கொள்கின்றன. மனிதனாலும் குரங்கினங்கள் பலவற்றாலும் சில வௌவால்களாலும் கினிப்பன்றியாலும் அஃது இயலாது. பசிய புல்லை நாள் முழுதும் மேயும் உயிருக்கு அத்திறன் இல்லாததால் குறை ஒன்றும் நேராது. கூண்டில் இட்டு உலர்தானியம் தந்தால் சில வாரங்களில் மூட்டு வீங்கும், ஈறு குருதி கசியும், உணவு வெறுக்கும். 1907இல் நார்வே நாட்டில் ஆக்ஸல் ஹோல்ஸ்ட், தியோடர் ஃபிரோலிக் என்னும் இருவர், கப்பலில் பணியாற்றுவோருக்கு வந்த நோயொன்றை ஆராயும்பொருட்டுக் கினிப்பன்றிகளுக்குத் தானிய உணவு மட்டும் அளித்துப் பார்த்தனர். அவற்றிற்கு ஸ்கர்வி கண்டது. பல நூற்றாண்டுகளாக மாலுமிகளைக் கொன்ற அந்நோயை ஆய்வுக்கூடத்தில் வைத்து ஆராய அதுவே வழிதிறந்தது. 1932இல் சென்ட் கியோர்கியின் ஆய்வுக்கூடத்தில் வைட்டமின் சி இன்னது என்று உறுதிசெய்ததும் கினிப்பன்றிகளைக் கொண்டே. அவருக்கு 1937இல் நோபெல் பரிசு கிடைத்தது. நார்வேயில் அறிவைத் தேடித் தெரிந்தே செய்தது, நம் எதிர்வீட்டில் அறியாமையால் நடந்தது. பிராணியின் மூட்டுக்கு இரண்டும் ஒன்றே.

மருத்துவம் நுட்பமானதன்று, ஆனால் ஓய்வில்லாதது. சொட்டு மருந்தாக வைட்டமின் சி. நலமாயிருக்கும்போது நாள் ஒன்றுக்கு 10 முதல் 30 மில்லிகிராம் வரை வேண்டும். நோயில் அதனினும் மிகுதி. அதைவிடக் கடினமானது உணவூட்டல். இப்பிராணியின் குடல் இடையறாது இயங்கியாக வேண்டும். ஒரு நாள் முழுதும் தின்னாமல் இருந்தாலே குடல் இயக்கம் தளர்ந்து, காற்று நிறைந்து, மூலநோய் இருக்க இதுவே உயிரைக் கொண்டுபோகும். ஆகையால் தீவனத்தை நீரில் ஊறவைத்துக் குழைத்து, ஊசியை நீக்கிய சிரிஞ்சில் எடுத்து, மூன்று மணிக்கு ஒருமுறை சிறிது சிறிதாக ஊட்ட வேண்டும். முன்பற்களுக்குப் பின்னால், வாயின் ஓரமாகக் குழலை நுழைக்க வேண்டும். மல்லாத்தக் கூடாது, மல்லாத்தினால் உணவு நுரையீரலுக்குள் சென்றுவிடும். விழுங்கிற்றா என்று பார்த்த பின்னரே அடுத்த துளி.

டிசம்பர் மாதக் கடைசி வாரம். தில்லிக் குளிரை நேயர்கள் அறிவர். இரவு 11 மணி முறை இல்லத்தரசிக்கு; 2 மணி முறை நமக்கு; 5 மணிக்கு மகள். அவளுக்கு ஆண்டிறுதித் தேர்வு நெருங்கிக்கொண்டிருந்தது. ஒரு கையில் வேதியியல் நூல், மறு கையில் சிரிஞ்சு. பழைய ரஜாயின் துண்டொன்றில் சுற்றி மடியில் வைத்தால் லட்டுவின் நெஞ்சு படபடவென்று துடிப்பது கைக்குத் தெரியும். மூன்றாம் நாள் அரை நாள் தற்செயல் விடுப்பு எடுத்தோம். காரணம் என்ற கட்டத்தில் “சொந்த வேலை” என்று எழுதினோம். அது பொய்யன்று என்றே இன்றும் கருதுகிறோம். ஆயினும் அலுவலகத்தில் செய்தி பரவிவிட்டது. “என்ன சார், எலிக்கு லீவா?” என்று கேட்டார் நம் பிரிவுத் தமிழ் நண்பர். நகைத்துக்கொண்டுதான் கேட்டார். நகைப்புக்குள் ஒரு நேர்மையான வினாவும் இருந்தது.

அவ்வினாவுக்கு வருமுன், உணவூட்டலில் நம்மை உறுத்திய வேறொன்றைச் சொல்லியாக வேண்டும். வாயை இறுக மூடிக்கொண்டு முகத்தைத் திருப்பும் ஓர் உயிரின் வாயைத் திறந்து உணவைச் செலுத்துவதைக் கருணை என்று எங்ஙனம் அழைப்பது? பார்ப்பவர்க்கு அது கொடுமையாகவே தோன்றும். மகள் முதல் நாள் அழுதாள்: “அது வேண்டாம்னு சொல்லுதுப்பா.” நாம் எண்ணிப் பார்த்த அளவில் விடை இது. மனிதன் ஒருவன் உண்ண மறுத்தால் அதற்குப் பின்னால் ஒரு முடிவு இருக்கக்கூடும். அம்முடிவை மதிக்க வேண்டிய கடமையும் இருக்கக்கூடும். பிராணியின் மறுப்பு நோயின் குரல். மூட்டு வலிக்கின்றது, ஈறு வலிக்கின்றது, ஆகவே தின்னவில்லை. சாக விரும்பி அன்று. நோய் பேசுவதையும் உயிர் பேசுவதையும் பிரித்தறிய வேண்டியவர் ஊட்டுபவரே. ஆயின் அவ்வுரிமையை எவ்வளவு நாள் நீட்டிக்கலாம்? மருத்துவர் நேரிடையாகவே சொன்னார்: ஆறு நாளில் தானாகத் தின்னத் தொடங்கவில்லையென்றால், வலியைத் தொடரவிடாமல் ஊசியிட்டு உறங்கச் செய்வதைப் பற்றிப் பேச வேண்டும் என்றார்.

1928இல் சபர்மதி ஆசிரமத்தில் நோயுற்றுத் துடித்த கன்றொன்றுக்கு, பிழைக்கும் வழி இல்லை என்று தெளிந்தபின் ஊசியிட்டு உயிர் விடச் செய்தார் காந்தியடிகள். கொல்லாமையை உலகுக்கு உரைத்தவரே கொன்றார் என்று அந்நாளில் கண்டனங்கள் குவிந்தன. அவர் பின்வாங்காமல் எழுதி விளக்கினார். அந்நிகழ்ச்சியை மகளுக்குச் சொன்னோம். அவள், “காந்தி எத்தனை நாள் பார்த்துட்டு அப்புறம் செஞ்சார்?” என்று கேட்டாள். எத்தனை நாள் என்பதற்கு எந்நூலிலும் சூத்திரம் இராது. எல்லையை வகுக்க வேண்டியது அவ்வுயிரின் துன்பம். நம் சலிப்பு அன்று, நம் பற்றும் அன்று. இவ்வளவுதான் நமக்குத் தோன்றியது. எழுத்தர் ஒருவரின் பணப்பையும் தன் பங்குக்கு எல்லை வகுக்கும் என்பதை இங்கே மறைக்க வேண்டியதில்லை. அறுவை மருத்துவம், இருபதாயிரம் ரூபாய் என்று கேட்டிருந்தால் விடை வேறாக இருந்திருக்கும்.

இனி அன்பு பற்றி ஒரு செய்தி. எதிர்மாடியில் உள்ள நண்பர், மிக்க பரிவுடையவர், தம் பிள்ளைக்கு வாங்கியதில் மீந்த அமாக்ஸிசிலின் மருந்தை எடுத்துக்கொண்டு ஓடிவந்தார். தொலைபேசியில் மருத்துவரைக் கேட்டோம். தொடவே கூடாது என்றார். பென்சிலின் இனத்து மருந்தை வாய்வழி தந்தால் கினிப்பன்றியின் குடலில் உள்ள நன்மை செய்யும் நுண்ணுயிர்கள் மடிந்து, தீயவை பெருகி, பிராணி சில நாளில் இறந்துபடும். கோடி மனிதரைக் காத்த மருந்து இதற்கு நஞ்சு. அப்போது நமக்குப் பேகன் நினைவு வந்தான். மயிலுக்குப் போர்வை ஈந்த அவ்வள்ளலை ஆயிரம் ஆண்டுகளுக்கு மேலாகப் பாராட்டி வருகிறோம். மயிலுக்குக் குளிர்ந்ததா, போர்வை அதற்குப் பயன்பட்டதா என்று எவரும் கேட்டதாகத் தெரியவில்லை. நம் முன்னோர் அதனைக் கொடைமடம் என்றே அழைத்தனர். மடம் என்ற சொல்லில் பாராட்டும் உண்டு, ஒரு சிறு குட்டும் உண்டு. கொடுப்பவனின் நெஞ்சை அளக்க அக்கதை போதும். பெறும் உயிரின் தேவையை அளக்க அது போதாது. நோயுற்ற பிராணியின் முன்னே நெஞ்சின் ஈரம் மட்டும் கொண்டு நிற்பவர் பாலைப் புகட்டுவர், சர்க்கரை நீரைப் புகட்டுவர், எஞ்சிய மருந்தைப் புகட்டுவர். அன்பு முதலில் செய்ய வேண்டிய வேலை கேட்டறிதல்.

இப்போது அந்த நண்பரின் வினா. மருத்துவரிடமிருந்து திரும்பும் வழியில் அகில இந்திய மருத்துவ அறிவியல் நிறுவனத்தைக் கடந்தே இராமகிருஷ்ணபுரம் வர வேண்டும். பனி மூடிய மாலைகளில் அதன் சுற்றுப்புற நடைபாதைகளில், பீகாரிலிருந்தும் உத்தரப் பிரதேசத்திலிருந்தும் வந்த நோயாளிகளின் உறவினர் போர்வைக்குள் சுருண்டு கிடப்பர். நம் மடியில் கூடை, கூடைக்குள் ரஜாய்த் துண்டு, அதற்குள் லட்டு. ஆட்டோ சமிக்ஞை விளக்கில் நிற்கும் ஒரு நிமிடம் நெடியதாக இருக்கும். மனிதர் இங்ஙனம் கிடக்க, எலிக்கு மருந்தா?

இவ்வெதிர்வாதத்தை எளிதில் தள்ளிவிடுவோரோடு நாம் உடன்படுவதில்லை. அதே வேளையில் ஒன்று கவனிக்கத்தக்கது. தீபாவளிக்குப் பட்டு எடுக்கும்போதும், மைத்துனர் திருமணத்துக்கு இரயிலில் குளிர்சாதன வகுப்பில் பயணம் செய்யும்போதும், ஞாயிறுதோறும் கரோல்பாக் சென்று உண்டு வரும்போதும் எவரும் அந்நடைபாதையை நமக்கு நினைவூட்டுவதில்லை. சிற்றுயிருக்குச் செலவிடும்போது மட்டும் ஏழையின் பெயர் எடுக்கப்படுகின்றது. எடுப்பவர் பெரும்பாலும் அவ்வேழைக்கு வேறு நாளில் ஏதும் ஈந்தவராகவும் இருப்பதில்லை. லட்டுவைச் சாகவிட்டிருந்தால் அம்மூவாயிரத்துச் சொச்சம் ரூபாய் நடைபாதைக்குப் போயிருக்குமா? போயிராது, வீட்டுச் செலவில் கரைந்திருக்கும். ஆகவே ஏழையின் உரிமையை நாம் பறித்துவிட்டோம் என்பது கணக்கில் நிற்காது. ஏழைக்கு நாம் ஒன்றும் செய்யவில்லை என்பது தனிக் குற்றச்சாட்டு. அது உண்மை, லட்டு பிழைத்தாலும் இறந்தாலும் அது அப்படியே நிற்கும்.

அப்படியாயின் இம்மருத்துவத்துக்கு அடிப்படை யாது? அன்பு என்பது தொடர்புடையார்மேல் செல்வது, அருள் என்பது தொடர்பு பற்றாமல் எல்லா உயிர்மேலும் செல்வது என்று திருக்குறளுக்கு உரை கண்ட பரிமேலழகர் பிரித்துக் காட்டுவார். இவ்விரண்டில் எதில் லட்டு அடங்கும்? நான்கு நாளில் என்ன தொடர்பு? உண்மையைச் சொன்னால் நமக்கு அதன்பால் அன்பு தோன்றியது ஊட்டத் தொடங்கிய பிறகே. ஊட்டத் தொடங்கியதற்கு அன்பு காரணமன்று. அருள் என்று சொல்லவும் நாணமாக இருக்கின்றது. அருள் நம்மிடம் பெருகியிருந்தால் மாடிப்படியில் முடங்கும் தெருநாய்க்கும் அது சென்றிருக்குமே!

நமக்குத் தோன்றும் சொல் கடன். மேட்டுநிலத்துப் புல்வெளியில் நோயுறும் ஓர் உயிரை அதன்போக்கில் விட்டுவிடலாம். அதற்குத் தன் புல் உண்டு, தன் கூட்டம் உண்டு, ஓடி ஒளியக் கால் உண்டு. கூண்டில் வைக்கப்பட்டதற்கு இவை யாவும் மறுக்கப்பட்டுவிட்டன. அதற்கு வந்த நோயே கூண்டு தந்த நோய். புல்லை மறுத்தவர் மனிதர். புல்லிலிருந்த சத்தைச் சொட்டு மருந்தாகத் தர வேண்டியவரும் மனிதரே. பூட்டிய கையில்தான் திறவுகோல் இருக்கின்றது. கூண்டு செய்தவர் நாமல்லவே என்று கேட்கலாம். உண்மை. ஆயினும் ஒப்புக்கொண்டு கையெழுத்திட்டுப் பொறுப்பேற்ற கோப்பில் முந்தையவர் விட்டுச்சென்ற நிலுவையும் நம்முடையதே என்பது அலுவலகத்தில் நாம் நாள்தோறும் காண்பதன்றோ?

பிரிவுகளோடும் விதிகளோடும் பழகிய நமக்கு, சட்டமும் ஏறக்குறைய இதையே சொல்வதைக் காண மகிழ்ச்சி உண்டாகின்றது. விலங்கு வதைத் தடுப்புச் சட்டம், 1960, தன் மூன்றாம் பிரிவில், ஒரு விலங்கைத் தன் பொறுப்பில் வைத்திருக்கும் ஒவ்வொருவரும் அதன் நலத்துக்கு இயன்றதனைத்தும் செய்தல் கடமை என்கின்றது. விலைக்கு வாங்கியவர் என்று அது பிரிக்கவில்லை. பொறுப்பில் வைத்திருப்பவர் என்றே பேசுகின்றது. இச்சட்டத்துக்குக் கால்கோள் இட்டவர் நம் ருக்மிணி தேவி அருண்டேல். 1952இல் மாநிலங்களவைக்கு நியமிக்கப்பட்ட அவர் தனிநபர் மசோதாவாக அதைக் கொண்டுவந்தார். 1962இல் அமைந்த விலங்குகள் நல வாரியத்தின் முதல் தலைவரும் அவரே. கலாக்ஷேத்திரத்தையும் பரதத்தையும் சொல்லி அவரைப் போற்றும் நம் மேடைகள் இதனையும் சொல்லலாம். உயிர்களிடத்துக் கருணை குடிமக்களின் அடிப்படைக் கடமை என்று அரசியலமைப்பில் சேர்ந்தது 1976இன் 42ஆம் திருத்தத்தால்.

வேறொரு கடனையும் சிலர் நினைவூட்டுவர். 1882இல் காசநோய்க் கிருமியை ராபர்ட் கோக் உறுதிசெய்தது கினிப்பன்றிகளின் உடலில். தொண்டை அடைப்பான் நோய்க்கு மாற்று கண்ட பேரிங்கின் ஆய்வும் அவ்வாறே. நம் பிள்ளைகளுக்கு இட்ட முத்தடுப்பு ஊசி மருந்தின் ஆற்றலை அளந்து பார்க்க நெடுங்காலம் பயன்பட்டதும் இவ்வினமே. நன்றி பாராட்ட வேண்டியதுதான். எனினும் இவ்வாதத்தில் நமக்கு முழு நிறைவு இல்லை. இனத்துக்குப் பட்ட நன்றியை ஒற்றை லட்டுவுக்குச் செலுத்துவது உணர்ச்சிக்கு இனிது. அறிவுக்கு அத்துணை வலுவுடையதன்று. எந்த ஆய்வுக்கும் பயன்படாத வெள்ளெலி இனம் ஒன்று இருந்து, அது நம் கூண்டில் நோயுற்றால் விட்டுவிடலாமோ?

எங்கேனும் கோடு கிழிக்கத்தான் வேண்டும் என்பதற்கும் இந்நகரிலேயே சான்று உண்டு. சாந்தினி சௌக்கில், செங்கோட்டைக்கு எதிரே, சமணர் நடத்தும் பறவை மருத்துவமனையில் புறாவும் கிளியும் படுக்கை பெறுகின்றன. ஊன் உண்ணும் பருந்துக்கு மருந்து உண்டு. உள்ளே தங்க இடமில்லை. புறநோயாளியாகச் சென்றுவிட வேண்டும். நகைக்கத் தோன்றும். நகைத்தபின் எண்ணிப் பார்த்தால், புறாவின் பக்கத்துப் படுக்கையில் பருந்தை வைப்பதும் கருணையாகாது.

ஐந்தாம் நாள் காலை பால் எடுக்கக் குளிர்பதனப் பெட்டியைத் திறந்த ஓசைக்குக் கூண்டிலிருந்து “வீக்” என்று ஒரு குரல் எழுந்தது. மெலிந்த குரல்தான். அண்டை வீட்டார் வந்து பார்க்கும் அளவுக்கு நம் இல்லத்தில் ஆரவாரம் உண்டாயிற்று. அன்று ஒரு கொத்துமல்லித் தண்டைத் தானே இழுத்துத் தின்றது. 610 கிராம், இடையில் 585 ஆகி, 600 ஆகி, வாரம் முடிவில் 640. குடைமிளகாய்த் துண்டையும் கொய்யாவையும் ஏற்றது. நெல்லிக்காயை மட்டும் முகர்ந்து முகத்தைத் திருப்பிக்கொண்டது. அதியமான் தந்ததை ஔவை மறுக்கவில்லை, லட்டு மறுத்துவிட்டது.

அந்நெல்லிக்காய் யோசனை நம் அன்னையாருடையது. மயிலாடுதுறைக்கு அருகே சிற்றூரில் தனித்து வாழ்கிறார், அகவை 74. நம் போன்றோரின் வாழ்வில் எல்லாவற்றினும் கூர்மையான வினா இங்கேதான் இருக்கின்றது. இரண்டாண்டுக்கு முன் அவர் காய்ச்சலில் கிடந்தபோது இரண்டாயிரம் கிலோமீட்டருக்கு அப்பாலிருந்து நாம் பணம் அனுப்பினோம், தொலைபேசியில் பேசினோம், நெற்றியில் ஈரத்துணி இட்டவர் அடுத்த வீட்டு அம்மையார். வயிற்றில் சுமந்தவருக்குப் பணவிடை, எதிர்வீட்டார் விட்டுச்சென்ற எலிக்கு இரவு 2 மணிப் பணிவிடை. வெளிமாநிலத்தில் வாழும் எவரும் இதற்குத் தப்பியவரல்லர். கடமையின் அளவு உறவால் அமைகின்றது என்று கற்றோம். கடமையின் செயலோ கைக்கு எட்டும் தொலைவால் அமைந்துவிடுகின்றது. கைக்கெட்டியதைச் செய்தோம் என்பது கைக்கெட்டாததற்கு ஈடாகாது. கைக்கெட்டாதது இருக்கின்றதே என்று கைக்கெட்டியதை விடுவதும் எவருக்கும் உதவாது. இதற்கு மேல் நம்மால் இவ்வினாவை அவிழ்க்க இயலவில்லை.

அன்னையாரிடம் இச்செய்தியைச் சொல்ல நாம் தயங்கினோம். மகள்தான் சொல்லிவிட்டாள். அவர் ஒன்றும் சொல்லாதிருந்து, பிறகு, “பல்லு போன கெழவிக்கு ஊட்டற மாதிரி ஊட்டுடி கண்ணு, அவசரப்படாதே” என்றாராம். வாரம் ஒருமுறை என்றிருந்த பேச்சு அன்றுமுதல் நாள்தோறும் என்றாயிற்று. காலை 7 மணிக்கு அவரே அழைப்பார். “என்னப்பா, அது ஏதாச்சும் தின்னுச்சா?” என்பது முதல் கேள்வி. அதன்பின் தம் முழங்கால் வலி, கொல்லைப்புறத்து வாழை, பக்கத்துக் கோயில் குடமுழுக்கு. முன்பு கேட்டாலும் சொல்லாதவற்றையெல்லாம் சொல்வார்.

கினிப்பன்றி கூட்டமாய் வாழும் உயிர். சுவிட்சர்லாந்தில் 2008 முதல் அதனைத் தனியே ஒன்றாக வளர்ப்பதையே சட்டம் தடுக்கின்றது. இதை அறிந்த நாள்முதல் மகள் இன்னொன்று வேண்டும் என்கிறாள். இல்லத்தரசி இன்னும் இசையவில்லை. வரும் ஆண்டில் நமக்கும் மாற்றல் வரக்கூடும் என்று பேச்சு. அப்போது லாரியில் ஏறாத பொருள் எவரிடம் போகும் என்பதைப் பற்றிக் குடும்பத்தில் இப்போதே விவாதம் நடக்கின்றது. அன்னையார் நேற்றும் எடை கேட்டார். 840 கிராம் என்றோம். “வெயில் வருது, தண்ணி வச்சியா?” என்றார்.